ஆங்கி: கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அழகில்லாத ஆப்

பதிவிறக்கும் முன்பே ஓர் எச்சரிக்கை. ஆப் ஸ்டோரில் 'ஆங்கி' என்று தேடினால், பெயரைச் சற்றே மாற்றிக்கொண்ட வேறு ஆப்களும் வந்து நிற்கும். மாதச் சந்தா கேட்டால் அது அசல் இல்லை என்று விலகிவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு 'ஆங்கிட்ராய்டு': தன்னார்வலர்கள் உருவாக்கியது, முற்றிலும் இலவசம். கணினிப் பதிப்பும் இலவசம்தான். ஐபோன்காரர்கள் மட்டும் 'ஆங்கிமொபைல்' என்ற பதிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அமெரிக்க விலை 24.99 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஒருமுறை கட்டினால் போதும்.

டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட இந்த மென்பொருளுக்கு அழகு பற்றிய கவலை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பதக்கம் கிடையாது, பாராட்டு கிடையாது, சில மொழி ஆப்களில் இருப்பதுபோல் ஒருநாள் வராவிட்டால் அழுகிற பறவையும் கிடையாது. கார்டின் முன்பக்கம் ஒரு சொல் வரும். அதன் பொருளை மனதுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்கிறீர்கள். கீழே நான்கு பொத்தான்கள்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. நீங்கள் அழுத்துவதை வைத்து அந்தக் கார்டு மறுபடி எப்போது வர வேண்டும் என்று ஆப் கணக்குப் போடுகிறது. தடுமாறிய சொல் நாளைக்கே வரும். நன்றாகத் தெரிந்தது மாதக்கணக்கில் காணாமல் போகும்.

இந்தக் கணக்குதான் ஆங்கியின் உயிர். படித்தது எந்த வேகத்தில் மறக்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கப்போகும் தறுவாயில் நினைவூட்டினால் பாடம் நிலைக்கும் என்ற எண்ணத்தைப் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் 1980-களில் கணினிக்குக் கொண்டுவந்தார். அவருடைய எஸ்எம்-2 என்ற கணக்குமுறையைத் தழுவித்தான் ஆங்கி பல ஆண்டுகள் ஓடியது. 2023-இல் வந்த 23.10 பதிப்பில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை சேர்ந்தது. உங்கள் பழைய விடைகளை ஆராய்ந்து, உங்கள் மறதிக்கு ஏற்றபடி இடைவெளியை அது மாற்றிக்கொள்கிறது. டெக் (கார்டுக் கட்டு) ஆப்ஷன்ஸில் இதற்கொரு சுவிட்ச் உண்டு; போட்டுவிடுங்கள். எத்தனை சதவீதம் நினைவில் நிற்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 90 இருக்கும். ஆசைப்பட்டு 97 ஆக்கினால் தினசரி வேலை தாறுமாறாக ஏறும். 90-ஐத் தொடாதீர்கள்.

பொத்தான்களில் ஒரு பொறி இருக்கிறது. விடை மறந்துபோனால் பலரும் வெட்கப்பட்டு 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். ஆனால் ஆங்கியின் கணக்கில் ஹார்ட் என்றால் தேர்ச்சி: கஷ்டப்பட்டாலும் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். மறந்ததற்கு ஹார்ட் அழுத்திக்கொண்டே போனால் எஃப்எஸ்ஆர்எஸ் தப்புத்தப்பாகக் கற்றுக்கொள்ளும். மறந்தால் அகெய்ன், தெரிந்தால் குட். இரண்டே பொத்தான்களோடு இருப்பது உத்தமம்.

இனி, பெரும்பாலானவர்கள் ஆங்கியைக் கைவிடுகிற இடத்துக்கு வருவோம். ஜிஆர்ஈ, கேட், வங்கித் தேர்வு என்று எதற்குத் தேடினாலும் ஆயிரக்கணக்கான சொற்களோடு ஆயத்த டெக் இலவசமாகக் கிடைக்கும். இறக்கியவுடன் பாதி படித்துவிட்ட நிறைவு வரும். கார்டைத் திறந்தால் ஒரு சொல், எதிரே ஒற்றை வார்த்தையில் பொருள். 'அமீலியரேட்', 'மிட்டிகேட்', 'அலீவியேட்' மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் போட்டிருக்கும். எதை எங்கே பயன்படுத்துவது என்று இருக்காது. ஜிஆர்ஈ தேர்வு 2011 ஆகஸ்டிலேயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிவிட்டு, வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறது. பொருளை மட்டும் உருப்போட்டவர் அங்கே திணறுவார். எஸ்எஸ்சி தேர்வில் இணைச்சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று நேராகவே கேட்கிறார்கள். அதற்கு மட்டும் ஆயத்த டெக் ஓரளவு உதவும்.

கார்டை நீங்களே செய்யுங்கள். நாளிதழ்த் தலையங்கத்திலோ நாவலிலோ தடுக்கிய சொல்லை, அது இருந்த வாக்கியத்தோடு முன்பக்கத்தில் போடுங்கள். பின்பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே தமிழில் ஒரு சொல். தமிழ் எழுத்து எந்தச் சிக்கலுமில்லாமல் தெரிகிறது. 'சாங்ஷன்' என்ற சொல்லையே எடுங்கள். வங்கியில் கடன் சாங்ஷன் ஆனால் இனிப்பு வாங்குகிறோம். ஈரான் மீது சாங்ஷன் என்றால் அது பொருளாதாரத் தடை. ஒரே கார்டில் இரண்டையும் திணித்தால் இரண்டும் குழம்பும். இரண்டு வாக்கியம், இரண்டு கார்டு. கார்டு டெம்ப்ளேட்டில் ஒரு சிறு குறிச்சொல் சேர்த்தால் ஃபோனில் உள்ள குரலே சொல்லை உச்சரித்துக் காட்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டே இல்லாத ஆங்கிலத்துக்கு இது பெரிய வசதி.

ஒரு கார்டில் எட்டு முறை தோற்றால் ஆங்கி அதற்கு 'லீச்', அதாவது அட்டைப்பூச்சி, என்று பெயர் சூட்டும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. பெரும்பாலும் கோளாறு உங்கள் மூளையில் இருக்காது, கார்டில்தான் இருக்கும். வாக்கியத்தை மாற்றி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறைகளும் உண்டு. சொற்களின் வேர், குடும்பம் எதையும் ஆங்கி தானாகச் சொல்லித் தராது. அதற்கு 1949-இல் வந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'தான் இன்றும் மேல். நடைபாதைக் கடையிலும் கிடைக்கும். அதைப் படித்து, தங்காத சொற்களுக்கு மட்டும் கார்டு போடுவது நல்ல கூட்டணி. அடுத்து, பார்த்தால் புரிவது வேறு, பேச்சில் தானாக வருவது வேறு. இரண்டாவதைப் பேசியும் எழுதியும் பழகித்தான் பெற முடியும். பண்டிகை, காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டால் மறுபார்வைக் கார்டுகள் மலையாகக் குவிவதும் உண்மை. பலர் ஆப்பை நீக்குவது அந்த வாரத்தில்தான்.

தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் ஆங்கி வேண்டாம். ஏதாவது சொற்பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கையில் இருந்தால், இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. நிறுவியதும் முதல் வேலையாக டெக் ஆப்ஷன்ஸுக்குப் போய், ஒரு நாளைக்குப் புதிய கார்டு 20 என்றிருப்பதை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள்.