விருந்தினரும் விலை கொடுத்தோரும்

சமயத் தொண்டின் பொருட்டுக் கடல் கடந்து சென்றோர் எழுதிய நூல்கள் பல. சென்றவர் பட்ட பாடு அவற்றில் ஏடேடாக விரியும். அவரை ஏற்று உணவும் உறையுளும் தந்த குடும்பமோ பெரும்பாலும் ஒரு நன்றியுரையோடு மறைந்துபோகும்.

விவிலியம் இதில் சற்று வேறுபடுகிறது. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், ஊர்தோறும் அனுப்பப்பெறும் சீடர்கள் பணப்பையின்றிச் செல்லவும், வீடு வீடாக மாறாமல் ஓரிடத்தில் தங்கவும், படைத்ததை உண்ணவும் பணிக்கப்பெறுகின்றனர். நம் வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரம் விருந்தளிப்போனை நோக்கியது. இதுவோ விருந்தினனை நோக்கியது. தொடக்கக்காலத் திருச்சபையின் ‘திதாக்கே’ என்னும் ஒழுக்க நூல் இன்னும் கண்டிப்பானது. மூன்று நாள் தங்கும் ஊழியன் போலி என்றே அது தீர்ப்பளிக்கிறது! அப்போஸ்தலர் பணிகள் 17ஆம் அதிகாரத்திலோ, தெசலோனிக்காவில் பவுலைத் தேடிய கூட்டம் அவருக்கு இடமளித்த யாசோனை அதிகாரிகளிடம் இழுத்துச் செல்கிறது. யாசோன் பிணை கொடுத்து மீள்கிறான். பவுல் இரவோடிரவாகப் பெரேயாவுக்கு அனுப்பப்படுகிறார். கதை பவுலைப் பின்தொடர்கிறது. யாசோன் வீட்டுக்கு அது திரும்பவில்லை.

திரும்பிப் பார்த்த நாவல் ஒன்று உண்டு. ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘சின்மோக்கு’, அதாவது ‘மௌனம்’, அத்தகையது. கிறித்துவம் தடை செய்யப்பட்டிருந்த 17ஆம் நூற்றாண்டு ஜப்பானுக்குள் ரோட்ரிகஸ், கார்ப்பே என்னும் இரு போர்த்துக்கீசியக் குருமார் மறைவாக நுழைகின்றனர். தோமோகி என்னும் கடற்கரைச் சிற்றூர் அவர்களை மலைமேல் ஒரு கரிக்குடிசையில் ஒளித்து வைக்கிறது. வரிச்சுமையால் நலிந்த உழவர்கள் தம் உணவில் பங்கிட்டு இருளில் கொண்டுவருகின்றனர். உள்ளே இருப்போருக்கு அடைபட்டிருத்தலே பெருந்துன்பம். வெளியே இருப்போருக்கோ அவர்கள் அங்கு இருத்தலே உயிராபத்து.

இந்நாவலை ஆராய்வோர் பலரும் இறைவனின் மௌனத்தையும், ரோட்ரிகஸ் இறுதியில் திருவுருவத்தை மிதிப்பதையுமே பேசுவர். அது பிழையன்று. எனினும் நாவலின் முள் அதற்கு முன்பே தைத்துவிடுகிறது. அதிகாரிகள் ஊராரைப் பணயம் கேட்கின்றனர். மிதிக்க வற்புறுத்தினால் என் செய்வது என மொக்கிச்சி கேட்க, மிதியுங்கள் என்று ரோட்ரிகஸ் பதறிக் கூறுகிறார். கார்ப்பேயின் பார்வையில் கண்டனம் தெரிகிறது. மொக்கிச்சியும் இச்சிசோவும் கடலில் நட்ட மரங்களில் கட்டப்பட்டு, ஏறியிறங்கும் அலைகளிடையே சிறுகச் சிறுக மடிகின்றனர். விருந்தினர் உயிரோடிருக்க, விருந்தளித்தோர் இறக்கின்றனர்.

இதனை எண்டோ சொல்லும் முறையும் கருதத்தக்கது. முதல் நான்கு அதிகாரங்கள் ரோட்ரிகஸ் எழுதும் மடல்கள். அவர் பிடிபட்டபின் எழுதுகோல் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டு, கதை படர்க்கைக்கு மாறுகிறது. தம்மைத் தாங்கியவர்களை இழந்தவருக்குத் தம் கதையைச் சொல்லும் உரிமையும் போய்விடுகிறது போலும். சிறைப்பட்ட அவருக்கு மோனிக்கா என்னும் பெண் ஒரு வெள்ளரிக்காயைத் தருகிறாள். அவளும் பிடிபட்டவளே, அந்நிலையிலும் விருந்தோம்பல் அவளிடமே இருக்கிறது. பின்னர் அவளும் கடலில் அமிழ்த்தப்படுகிறாள்.

குறையும் உண்டு. தோமோகி மக்களுள் ஒருசிலரே முகம் பெறுகின்றனர். இரவில் உணவு சமைத்தனுப்பிய பெண்கள் பேசுவதேயில்லை. மடல் வடிவம் விருந்தினனின் கண்ணுக்குட்பட்டதையே காட்டும் என்று சமாதானம் கூறலாம். ஆயினும் படர்க்கைக்கு மாறிய பின்னும் எண்டோ அவர்களது அடுப்படிக்குள் செல்லவில்லை என்பதற்கு அச்சமாதானம் போதாது.

நாவலின் கடைசிப் பக்கங்களில் வரும் அதிகாரியின் நாட்குறிப்பு வறண்ட நடையினது. அவசர வாசகர் அதனைத் தள்ளிவிடக்கூடும். தள்ளலாகாது. ரோட்ரிகஸ் இறந்துபோன ஒரு ஜப்பானியனின் பெயரையும் மனைவியையும் ஏற்று, எடோ நகரில் காவலுக்குட்பட்டு வாழ்கிறார். அவருக்கு ஏவலாளாக அவ்வீட்டில் இருப்பவன் கிச்சிஜிரோ. அவரை ஜப்பானுக்கு அழைத்துவந்தவன், பின் காட்டிக்கொடுத்தவன். ஒருநாள் அவனைச் சோதிக்கிறார்கள். கழுத்துப் பையில் ஒரு திருவுருவம் கிடைக்கிறது. யார் கொடுத்தது என்று விசாரிக்கிறார்கள். அவன் ரோட்ரிகஸின் பெயரைச் சொல்லவில்லை.