திறனாய்வு நூலின் முதற்பதிப்பு

நூல் தொகுப்போர் முதற்பதிப்பை அதன் அருமை கருதிப் போற்றுவர். ஆராய்வோர் அதனை நாடவேண்டிய காரணம் வேறு. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியைப் பற்றி லயனல் ஜான்சன் இயற்றிய 'தாமஸ் ஹார்டியின் கலை' என்னும் நூல் இதற்குத் தக்க சான்றாகும். 1894-இல் இலண்டனில் வெளிவந்த முதற்பதிப்பு, வில்லியம் ஸ்ட்ராங் தகட்டில் பொறித்த ஹார்டியின் உருவப்படத்தையும், ஜான் லேன் தொகுத்த நூற்பட்டியலையும் உடையது. 1923-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஹார்டியின் கவிதை பற்றி ஜே. இ. பார்ட்டன் எழுதிய இயல் ஒன்று சேர்க்கப்பட்டது.

இச்சேர்க்கை பயனுடையதே. ஆயினும், அதனைக் கண்டு, கவிஞராகிய ஹார்டியை ஜான்சன் காணத் தவறினார் என்பது பொருந்தாது. 'ஜூட்' நாவல் நூலாக வந்தது 1895-இல். முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது 1898-இல். எழுதப்படாதவற்றைக் கூறாமை குன்றக்கூறல் ஆகாது. 'டெஸ்' நாவலின் (1891) கலைத்திறனைப் போற்றும் ஜான்சன், அதில் ஊடுருவி நிற்கும் வாதத்தை மறுக்கின்றார். அந்நாவல் வெளிவந்து மூன்றாண்டுகளே ஆன நிலையில், 'ஜூட்' எழுப்பிய கண்டனங்களுக்கு முன்னரே எழுந்த மறுப்பு அது. இவ்வுண்மையை நமக்கு உணர்த்துவது முதற்பதிப்பே. ஆதலின், ஒரு திறனாய்வாளரின் முடிபை ஏற்பினும் மறுப்பினும், அவர்முன் இருந்த நூல்கள் எவை என்பதை நாம் முதற்கண் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும்.