நடந்து பிறக்கும் நீளம்

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் கால்களுக்காகக் காலணி தைக்கிறார்கள். ஜவ்வாது மலையைக் கடந்து ஆரணிக்கும், அப்பால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கும் போனால், கால்களாலேயே நெய்கிறார்கள்.

பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைத் தொகுப்பை, தெருவில் நீட்டுவதை விடியற்காலையில் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் இழை காய்ந்து அறும். காற்று எழுந்தால் சிக்கும். அதனால் தெரு விழிக்குமுன்பே வேலை தொடங்கிவிடும். இரு முனையிலும் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஆணும் பெண்ணுமாக இருபுறமும் நடக்கிறார்கள். அறுந்த இழையைக் கண் தேடுவதற்குள் விரல் கண்டுவிடுகிறது. அதை முடிந்துவிட்டு அடுத்த இழைக்குப் போகிறது கை.

இதற்கும் முந்தைய வேலையில்தான் நயம் முழுதாய்த் தெரியும். பாவு சுற்றும் சட்டங்கள் வருமுன், தரையில் வரிசையாகக் கோல்களை நட்டு, நூலைப் பிடித்தபடி பெண்கள் போய்வந்து பாவோடினார்கள். ஒரு கோலுக்கு வலப்புறம் சென்ற இழை அடுத்த கோலுக்கு இடப்புறம் செல்லும். அடுத்த நடையில் அது மாறும். கோல்களுக்கு நடுவே இழைகள் இப்படிக் குறுக்காகக் கடப்பதால்தான் ஆயிரக்கணக்கான இழைகளும் வரிசை கலையாமல் நிற்கின்றன. அந்த வரிசையைத்தான் தறி எடுத்துக்கொள்கிறது. குழித்தறியில் நெசவாளரின் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, ஒற்றையும் இரட்டையுமாகப் பிரிந்திருந்த அதே இழைகள் மேலும் கீழும் விலகி நாடாவுக்கு வழிவிடுகின்றன. ஒருத்தி தெருவில் நடந்த நடையை இன்னொருவர் உட்கார்ந்தபடியே தொடர்கிறார்.

நடையையே கலையாக்கியவர்களும் உண்டு. 1967இல் ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேயக் கலைஞர் புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்தார். புல் மடங்கி உண்டான கோட்டைப் படம்பிடித்து அதையே படைப்பாக்கினார். 1998இல் பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர், அணிந்திருந்த ஸ்வெட்டரின் நூல் பிரிந்துகொண்டே வர ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தார். இரண்டுமே எனக்குப் பிடித்தவை. லாங்கின் கோடு புல் நிமிர்ந்தால் மறைவது. அலீஸ் நடக்க நடக்க ஆடை குறைந்தது. பாவோடியவளின் நடையோ ஆடையாகிறது. நடையையும் நெசவையும் சேர்த்துக் கலை செய்ய விரும்பிக் கலைஞர் உறைவிட முகாம்களுக்கு வரும் இளைஞர்கள் முதலில் வணங்க வேண்டிய ஆசிரியர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்.

பட்டுச்சேலை எடுக்கும்போது முந்தானையிலும் கரையிலும் கண் நிற்பது இயல்பு. பிறகு, சேலை உடலின் நீளவாட்டில் ஓடும் ஒரே ஓர் இழையைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு பாவில் மூன்று சேலை நெய்வது வழக்கம். பெரும்பாலும் அந்த இழை உங்கள் சேலையோடு முடிவதில்லை. நீங்கள் பார்த்தே இராத இரண்டு பெண்களின் சேலைகளிலும் அதுவே ஓடுகிறது. சரிகையை எடைபோட்டு விலை சொல்லிவிடலாம். அந்த நீளத்தின் சீர்மைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, நெய்தவர் பெயரோடு பாவு போட்டவர் பெயரையும் கேட்டுத் தெரிந்து, சேர்த்துச் சொல்வதுதான்.