எண்ணப்பட்ட ஓட்டைகள், எண்ணப்படாத மனிதர்கள்

தோழர்கள் கூடி நூல் படிக்கும் வழக்கம் எங்கள் கோவில்பட்டிப் படிப்பகத்தில் உண்டு. சென்ற திங்கள் எடுத்துக்கொண்ட ஏடு, அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்டு எழுதி 2010-இல் வெளிவந்த ‘அன்புரோக்கன்’. ஆங்கில ஏடாகையால் நான் படித்துப் பொருளைத் தமிழில் சொல்லிவந்தேன். பசிபிக் பெருங்கடலின்மேல் குண்டுவீச்சு விமானத்தில் பறந்த வீரர்களின் உண்மை வரலாறு அது. மூன்று மாலைகள் போனதே தெரியவில்லை. நான்காம் மாலை, தீப்பெட்டித் தொழிலில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “ஏன் வாத்தியாரய்யா, அந்த ஏரோப்பிளேன் சயாம் பக்கமும் போச்சா? எங்க பெரியப்பா மலேயாவுல இருந்து அங்கதான் ரயில் போடப் போனாராம்.”

எனக்கு நா எழவில்லை. அக்கேள்வியோடு ஏட்டை மீண்டும் ஒருமுறை படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய லூயி சாம்பெரினி, போரில் லிபரேட்டர் விமானமொன்றில் குண்டு வீசும் வேலையேற்றார். விமானி பிலிப்ஸ். 1943 ஏப்ரல் 20-இல் நவுரு தீவைத் தாக்கித் திரும்பியபோது அவர்களுடைய ‘சூப்பர்மேன்’ சல்லடையாகியிருந்தது. தோழர்கள் குருதியில் கிடந்தனர். ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. கட்டுப்போட்டவரும் குண்டு வீசிய சாம்பெரினியே. அடுத்த திங்களில் வேறொரு விமானம் கடலில் வீழ்ந்து, பதினொருவரில் மூவரே மிஞ்சினர். இரப்பர்த் தெப்பத்தில் இருந்த சாக்லெட்டு முழுவதையும் முதலிரவே ஒருவர் தனியே தின்றுவிடுகின்றார். அவர் பெயர் மக்னமாரா. மற்ற இருவரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. பின்னொருநாள் சுறா பாய்ந்தபோது, துடுப்பெடுத்து அடித்துத் தோழனைக் காத்தவரும் அந்த மக்னமாராவே. முப்பத்து மூன்றாம் நாள் அவர் இறந்தார். எஞ்சிய இருவர் நாற்பத்தேழு நாள் மிதந்து ஜப்பானியர் கையிற் சிக்கினர். திருடியவனைத் தோழனாகவே வைத்திருக்கும் அந்தப் பகுதி, நட்பு என்பது என்னவென்று பேசும் பல நூல்களைவிட எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. குலமும் கோத்திரமும் கேளாமல், ஒருவன் உயிர் மற்றவன் கையில் என்று பத்துப் பேர் பறந்தனரே, அதைப் படிக்கும்போது நம் ஊர்த் தெருக்கள் நினைவுக்கு வரத்தான் செய்கின்றன!

ஆயின் அந்த நட்பின் எல்லை எது? விமானத்தின் தகட்டோடு அது முடிந்துவிடுகின்றது. ‘சூப்பர்மேன்’ உடலில் விழுந்த ஓட்டைகள் 594 என்று நூல் எண்ணிச் சொல்கின்றது. எண்ணியது பிழையன்று, உழைப்பின் சான்று அது. ஆனால் நவுருவில் குண்டுக்குக் கீழே இருந்தோரில் ஒரு முகமேனும் நம் நெஞ்சில் பதிகின்றதா? பாஸ்பேட்டு ஆலைகள் எரிகின்றன, அவ்வளவே. மறுநாள் இரவு ஜப்பானியர் புனாபுடித் தீவைத் தாக்கியபோது மட்டும், தேவாலயத்தில் ஒண்டிய தீவு மக்களைப் படைவீரன் ஒருவன் விரட்டி வெளியேற்றியதும், சற்று நேரத்தில் அக்கட்டடம் நொறுங்கியதும் வருகின்றன. அதாவது, குண்டு தம்மீது விழும்போதுதான் கீழிருக்கும் மனிதன் இந்நூலின் கண்ணில் படுகின்றான்.

கீழிருப்பவனை நினைத்தால் குறி தவறிவிடும் என்பார் உளர். போர்வீரனுக்கு அது பொருந்தலாம். அறுபதாண்டு கழித்து மேசைமுன் அமர்ந்து எழுதுபவர்க்கு எந்தக் குறி தவறிவிடும்?

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகின்றேன். ஆம், அதே வகை லிபரேட்டர்கள்தாம் சயாமுக்கும் போயின. 1944-இலும் 1945-இலும் வங்காளத்துத் தளங்களிலிருந்து எழுந்து, ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா இருப்புப்பாதையையும் பாலங்களையும் தாக்கின. 415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. அதை அமைக்க 60,000-க்கு மேற்பட்ட போர்க் கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரும் வதைக்கப்பட்டனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கூலி தருவோம் என்று சிலரை அழைத்தனர். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவடைத்து ஏற்றினர் என்றும் தப்பியவர்கள் கூறியுள்ளனர். மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து நிற்கின்றன. தொழிலாளரில் மாண்டவர் 90,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. இருக்கலாமாம்! ஓட்டைகளுக்குக் கணக்குண்டு, இவர்களுக்கு உத்தேசந்தான்.

இதே பாதையைப் பொருளாகக் கொண்டு 1957-இல் வந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தை இலங்கையில், கிதுல்கல என்னும் இடத்தில் எடுத்தனர். தமிழர் வாழும் நாட்டிலேயே எடுத்த அப்படத்தில் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை. பாலம் அமைத்த பெருமையும் தகர்த்த பெருமையும் வெள்ளையருக்கே.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. தமிழில் இப்போரைப் பாடுபொருளாக்கிய தலைசிறந்த புதினம், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. மெடானில் வாழ்ந்து 1946-இல் திரும்பியவர் அவர். எழுதிப் பத்தாண்டு காத்திருந்து, 1972-இல்தான் நூல் வெளிவந்தது. அந்தத் தாமதம் நம் பதிப்புலகின் தலைகுனிவு. பழம்பெருமை பேசும் தமிழரை அவர் எள்ளி நகையாடும் இடங்கள் நம்மவர் சிலர்க்குக் கசக்கும்; எனக்குக் கசக்கவில்லை. பினாங்கில் கூடிக் குடித்து வாதிடும் அவருடைய தோழர்கள், அமெரிக்க விமானத்தில் பறந்தவர்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். எனினும் அவர் கண்ட உலகம் வட்டிக்கடை அடுத்தாட்களின், இந்திய தேசிய இராணுவத்தாரின் உலகம். தோட்டத் தொழிலாளி அங்கே ஓரத்தில்தான் நிற்கின்றான்.

அவனை நடுவில் கொணர்ந்தவர்கள் மலேசியத் தமிழர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ என்னும் இரு புதினங்களும் தண்டவாளத்தருகே இருந்து பேசுகின்றன. நடைத்திறனில் சிங்காரத்துக்கு இவை ஈடாகா என்பதே என் கருத்து. ஆனால் எந்த நடைத்திறனும் பார்க்காத இடத்தை இவை பார்த்தன. இங்குள்ள நம் திறனாய்வாளர்கள் சிங்காரத்தைப் பற்றி எழுதிக் குவித்ததில் பத்தில் ஒரு பங்கேனும் இவர்களைப் பற்றி எழுதினரா? கடல் கடந்து போனவன் எழுத்து, கடல் கடந்ததாலேயே இரண்டாந்தரமாகிவிடுமோ?

எங்கள் பகுதியிலும் அப்போரின் தடம் உண்டு. கயத்தாற்றருகே, அந்நாளில் போட்டுப் பின் கைவிட்ட விமான ஓடுதளம் கரிசல் நடுவே கிடக்கின்றது. கட்டபொம்மன் நினைவிடத்தைக் காண வருவோர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை பொய்த்து மலேயாவுக்குக் கப்பலேறிய கரிசல் மக்களின் கதையும் அவ்வாறே கிடக்கின்றது.

ஐந்தாம் மாலை சண்முகத்தின் புதினத்தைப் பெரியவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, “இதுல எங்க பெரியப்பா பேரு இருக்காதில்ல?” என்றார். இது புதினம் ஐயா, இருக்காது என்றேன். “பரவாயில்ல, பேத்தியப் படிக்கச் சொல்லிக் கேக்குறேன்” என்று துண்டில் சுற்றி எடுத்துச் சென்றார். அவர் திருப்பித் தந்ததும் படிப்பகத்தில் அதனையே எடுத்துக்கொள்வதாக இருக்கின்றோம்.