எஸ்.எஃப்.பி.யின் ஜாதகம்

எஸ்.எஃப்.எஃப்-8472 என்று ஒரு தரநிலை ஆவணம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் தினமும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள், ஆனால் முழுசாக வாசித்தவர்கள் ரொம்பக் குறைவு. நானும் இருபது வருஷம் வாசிக்காமல்தான் ஓட்டினேன். போன மாதம் திருநகர் வீட்டில் மின்சாரம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப் பேட்டரி தீரும்வரை உட்கார்ந்து வாசித்தேன். சும்மா ஆர்வத்தில் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் வருவதற்கு முன் ஆவணத்தைப் பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். ஸ்விட்ச்சில் ஃபைபர் வந்து சேரும் இடத்தில் ஆள்காட்டி விரல் அளவுக்கு ஒரு உலோகத் துண்டு செருகியிருப்பார்கள். மின் சைகையை ஒளியாக்கி அனுப்பும், வரும் ஒளியைத் திரும்ப மின் சைகையாக்கும். அதுதான் எஸ்.எஃப்.பி. ஸ்விட்ச்சோடு சேர்த்தே செய்யாமல் தனியாகக் கழற்றி மாட்டும்படி வைத்ததில் லாபம் இருக்கிறது. 500 மீட்டர் போக வேண்டுமா, 10 கிலோமீட்டரா, 80 கிலோமீட்டரா என்று பார்த்து அதற்கேற்றதை மாட்டிக்கொள்ளலாம். போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆக, ஸ்பேர் வாங்கி வைக்கவேண்டும் என்பது இந்தப் பொருளின் பிறவியிலேயே இருக்கிறது.

இனி ஆவணம். ஒவ்வொரு எஸ்.எஃப்.பி.க்குள்ளும் 256 பைட் நினைவகம் ஒன்று உண்டு. எந்த பைட்டில் என்ன எழுதவேண்டும் என்பதைச் சொல்வதுதான் எஸ்.எஃப்.எஃப்-8472-ன் பெரும்பகுதி. 20-வது பைட்டிலிருந்து 16 எழுத்து, தயாரிப்பாளர் பெயர். 40-லிருந்து 16 எழுத்து, பாகத்தின் எண். 60, 61-ல் அலைநீளம். 68-லிருந்து 16 எழுத்து, சீரியல் நம்பர். 84-லிருந்து 8 எழுத்து: வருஷத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, தேதிக்கு இரண்டு, மிச்சம் இரண்டு தயாரிப்பாளர் விருப்பம். பெயர் 16 எழுத்துக்குக் குறைந்தால் இடப்பக்கம் ஒட்டி எழுதி, வலப்பக்கம் வெற்றிடத்தால் நிரப்பவேண்டும்.

படிக்கச் சலிப்பாகத் தோன்றலாம். எனக்கு மரியாதைதான் வந்தது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த நிறுவனங்கள் சேர்ந்து உட்கார்ந்து, "யார் செய்தாலும் பெயர் இந்த இடத்தில்தான்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் இரண்டு அலுவலகங்கள் ஒரே விண்ணப்பப் படிவத்துக்கு ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? லினக்ஸில் எத்டூல் என்ற ஒரே கட்டளையால் எந்தக் கம்பெனியின் பொருளையும் என்னால் விசாரிக்க முடிகிறதென்றால், அந்த ஒப்பந்தம்தான் காரணம்.

குறைகளுக்கு வருவோம். இந்தப் பட்டியலைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். பிறந்த தேதி, குலப்பெயர், குணம், திறமை. இது ஜாதகம். எங்கே பிறந்தது, எதற்குப் பிறந்தது என்பது இருக்கிறது. எங்கே வாழ்ந்தது, இப்போது எங்கே இருக்கிறது, ஒரு தடவை பழுதாகி வந்ததா என்பது இல்லை. ஏ2 என்ற இரண்டாம் முகவரியில் வெப்பநிலை, மின்னழுத்தம், லேசருக்குப் போகும் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி என்று ஐந்து அளவுகள் கிடைக்கும். அவையும் இந்த நொடியின் நாடித்துடிப்புதான், வாழ்க்கை வரலாறு இல்லை.

இன்னொன்று, போர்ட்டில் செருகினால்தான் ஜாதகத்தைப் படிக்க முடியும். நிலைமின் தடுப்புப் பையில் மூடிபோட்டு அலமாரியில் கிடக்கும் ஸ்பேர் ஊமை. அப்போது நமக்கு இருப்பது பக்கவாட்டில் ஒட்டிய பொடி எழுத்து லேபிளும், கொக்கியின் நிறமும்தான். 850 நானோமீட்டர் என்றால் கருப்பு அல்லது வெளிர் பழுப்பு, 1310 என்றால் நீலம் என்பது வழக்கம். ஒற்றை இழையில் இரு திசையும் போகும் பைடை வகையில் ஒரு முனை 1310-ல் அனுப்பும், மறுமுனை 1490-ல் அனுப்பும். ஸ்பேர் இரண்டு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கத்து ஆளாக இருக்கும். எண்ணிக்கை சரி, உபயோகம் பூஜ்யம்.

மூன்றாவது குறைதான் முக்கியம். 63-வது பைட்டில் ஒரு சரிபார்ப்புக் கூட்டல் இருக்கிறது. 0-விலிருந்து 62 வரை உள்ள பைட்டுகளைக் கூட்டி, கடைசி 8 பிட்டை எழுதுவது. தவறாகப் பதிந்ததைக் கண்டுபிடிக்க அது போதும். பொய்யாகப் பதிந்ததைக் கண்டுபிடிக்கப் போதாது. பெயரை மாற்றி எழுதி, கூட்டலையும் மாற்றி எழுதினால் கதை முடிந்தது. அதற்கான சின்னக் கருவி சந்தையில் கிடைக்கிறது. சில ஸ்விட்ச் கம்பெனிகள் தயாரிப்பாளருக்கு விட்டிருக்கும் பைட்டுகளில் தங்கள் ரகசியக் குறியைத் தேடுவதும், இல்லாவிட்டால் போர்ட்டை முடக்குவதும் இதனால்தான் எளிதாயிற்று. ஜாதகம் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், சந்தேகம் யார்மேல் வேண்டுமானாலும் விழலாம்.

அப்படி விழுந்த சந்தேகம் ஒன்றுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு அலமாரியில், பழைய ஸ்வீட் டப்பாக்களில், தூரவாரியாக எஸ்.எஃப்.பி.க்களைப் பிரித்து வைத்திருப்பார். டப்பா மூடியில் மார்க்கர் பேனாவில் "கிட்ட", "தூரம்", "ரொம்பத் தூரம்". இன்றைக்கும் இதைவிடத் தெளிவான லேபிளை நான் பார்க்கவில்லை. "ரொம்பத் தூரம்" டப்பாவில் மட்டும் ஒரு சீட்டு கிடக்கும்: 'மேஜைமேல் வைத்துச் சோதிக்காதே.' 80 கிலோமீட்டர் ரகத்தை ஒரு மீட்டர் கேபிளில் நேராக இணைத்தால், தணிப்பான் போடாதபோது மறுமுனையின் ஒளி வாங்கி பழுதாகிவிடும். அதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது தணிக்கை வந்தது. பதிவேட்டில் 46, டப்பாவில் 46. ஆனால் சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்தபோது 44 மட்டும் பொருந்தியது. பதிவேட்டில் இருந்த இரண்டு நம்பர் டப்பாவில் இல்லை. டப்பாவில் இருந்த இரண்டு நம்பர் பதிவேட்டில் இல்லை. இரண்டும் விலை கூடின ரகம். எல்லோர் மனதிலும் ஒரே கணக்கு ஓடியது: அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்தாயிற்று.

யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. "அண்ணே, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றார்கள். நானும்தான் சொன்னேன். அவர் அலமாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "நான் என்னத்த ஞாபகப்படுத்துறது தம்பி, வந்ததுதானே இருக்கு" என்றார். விஷயம் நிரூபணமும் ஆகவில்லை, முடியவும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஏற்பாடு செய்த தேநீர் விருந்துக்கு அவர் வரவில்லை.

போன மாதம் ஆவணத்தில் அந்த வரியை வாசித்தேன்: சீரியல் நம்பருக்கு 16 எழுத்து இடம். நிறுத்தினேன். தணிக்கையில் காணாமல் போன இரண்டு நம்பரும் நீளமானவை, முடிவில் வரிசையாகச் சைபர் என்பது ஞாபகம் இருந்தது. பழைய மெயிலைத் தோண்டி எடுத்தேன். ஒன்றில் 20 இலக்கம், இன்னொன்றில் 22. அப்படி ஒரு நம்பர் எந்த எஸ்.எஃப்.பி.யிலும் இருக்கவே முடியாது, எழுத இடமில்லை!

பிறகு விடை சீக்கிரம் வந்தது. டப்பாவில் 'கூடுதலாக' இருந்த நம்பர்களின் வடிவம் இப்படி (அசல் எண்ணை மாற்றியிருக்கிறேன்): 21034ஈ15, 21034ஈ17. நடுவில் உள்ளது ஆங்கில எழுத்து ஈ. பதிவேட்டை விரிதாளில் ஏற்றியவர் அந்தக் கட்டத்தை 'எழுத்து' என்று குறிக்காமல் விட்டிருக்கிறார். விரிதாள் அதைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு 21034-க்குப் பின்னால் 15 சைபரையும், மற்றதற்கு 17 சைபரையும் போட்டுவிட்டது. 5-ம் 15-ம் 20. 5-ம் 17-ம் 22. மற்ற 44-லும் இந்த வடிவம் இல்லாததால் தப்பித்தன. அசலும் போலியும் இல்லை. வந்ததுதான் இருந்தது. அவர் சொன்னது அப்படியே சரி.

இதற்கு எஸ்.எஃப்.எஃப்-8472 பொறுப்பாகுமா? ஆகாது. அது எழுத்து என்று தெளிவாகச் சொல்லியிருந்தது, நாங்கள் எண்ணாக்கினோம். தரநிலையைக் குறை சொல்ல உட்கார்ந்து, கடைசியில் அதைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. ஆனால் என் விமர்சனம் அப்படியே நிற்கிறது. அந்த ஆவணம் ஸ்விட்ச்சுக்காக எழுதப்பட்டது. அதன் உலகத்தில் ஸ்டோர் இல்லை, அலமாரி இல்லை, அண்ணன் இல்லை. மென்பொருள்களும் அதே வழிதான். 2016-ல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட நெட்பாக்ஸ் பலரும் பயன்படுத்துவது, நானும் பயன்படுத்துவது. அதில் ஓர் உதிரிப் பொருளைப் பதிய வேண்டுமானால் ஏதாவது ஒரு கருவியின் கீழ்தான் பதிய முடியும். அதனால் 'ஸ்பேர்' என்ற பெயரில் இல்லாத ஒரு கருவியை உருவாக்கி, அதற்குள் போட்டுவைக்கிறோம். மாட்டியிருப்பதற்குத்தான் இடம், காத்திருப்பதற்கு இல்லை.

இது சின்ன அலுவலகத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் இணைக்க எடுத்துக்கொண்டவை 12,525 கிராம ஊராட்சிகள். கணக்குக்காக, ஊராட்சிக்கு ஓர் இணைப்பு, இணைப்புக்கு இரு முனை என்று வைத்தால் 25,050 ஒளித் துண்டுகள். நூற்றுக்கு இரண்டு ஸ்பேர் என்றாலும் 501. அவற்றை ஒரே இடத்தில் வைப்பதா, மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் ஆளுக்கொரு டப்பாவாக வைப்பதா? ஒரே இடம் என்றால் கணக்கு சுலபம், இணைப்பு அறுந்த ஊருக்குப் போய்ச்சேர நேரமாகும். 13 இடம் என்றால் பக்கத்தில் இருக்கும், ஆனால் 13 அண்ணன்கள் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் நல்ல பதிவேடு இல்லாமல் ஒப்பேறாது.

பதிவேட்டைப் பற்றி நம்மவர் ஒருவர் எப்போதோ யோசித்துவிட்டார். சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணிதம் சொல்லிக்கொடுத்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவதன் சாரம், புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்படுத்த என்பது. மூன்றாவதன்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. புத்தகம் என்ற இடத்தில் ஸ்பேர் என்று போட்டுப் பாருங்கள். அதை மாட்ட ஒரு போர்ட் கூட மிச்சம் இல்லாத பழைய ரகங்கள் எத்தனை அலமாரியில் தூங்குகின்றன?

சின்ன வயசில் போன கிளை நூலகத்தில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். புத்தகம் வெளியே போனால் அதன் அட்டை நூலகத்தில் நிற்கும். இல்லாததற்கு ஒரு சாட்சி. எஸ்.எஃப்.பி.க்குள் 120 பைட்டை நாமே எழுதிக்கொள்ள அந்தத் தரநிலை இடம் விட்டிருக்கிறது (ஏ2-வில் 128 முதல் 247 வரை, எல்லாத் தயாரிப்பாளரும் தருவதில்லை). அதில் இருப்பிடத்தை எழுதலாமே என்று முதலில் நினைத்தேன். தப்பு. பொருள் நகர்ந்ததும் அது பொய்யாகிவிடும், அதுவும் படிக்க முடியாத பொய். பொருளில் இருக்கவேண்டியது மாறாத வரிசை எண். இடம் வெளியே, அட்டையில்.

இப்போது என் பொறுப்பில் உள்ள டப்பாக்களில் செய்வது இவ்வளவுதான். வந்தவுடன் ஒரு பழைய ஸ்விட்ச்சில் செருகி, உள்ளே இருப்பதைக் கட்டளையால் படித்து, கையால் தட்டாமல் எழுத்தாகவே பதிவேன். வலப்பக்க வெற்றிடத்தை நீக்குவேன். பையில் ஒரு வரிசை எண் ஒட்டி, அதே எண்ணோடு ஒரு அட்டை. எடுப்பவர் பெயரும் போகும் இடமும் எழுதி அட்டையை டப்பாவில் விடவேண்டும். பைடை என்றால் ஜோடியாக ஒரே பையில். தூசி மூடி இல்லாமல் எதுவும் உள்ளே வராது.

போன வாரம் பசுமலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப்பில் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சைபர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "ஜாதகம் இருக்கு தம்பி, ரேஷன் கார்டுதான் இல்லாம போச்சு" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிளம்பும்போது, "அந்த ரெண்டு நம்பரையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். பழைய அலுவலகத்துக்கும், அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லோர் பெயரும் போட்டு, அதே கணக்கை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்று சொன்னவர்களில் என் பெயரையும் சேர்த்தே.