மொங் வாய்மொழிக் கதைகளும் பண்பாட்டு நோக்கும்

நாட்டார் கதைகளைப் பண்பாட்டின் கண்ணாடி எனக் கொள்வது ஆய்வாளரிடையே வேரூன்றிய வழக்கமாகும். தென்சீனத்திலும் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மலைப்புறங்களிலும் வாழும் மொங் மக்களின் கதைகளை நோக்குமிடத்து இவ்வுவமையின் போதாமை புலனாகும்.

அவர்களது வெள்ளக்கதை பல வடிவங்களில் வழங்குவது. அவற்றுட் பரவலான ஒன்றில், பெருவெள்ளத்தினின்றும் முரசொன்றினுட் புகுந்து தப்பியோர் உடன்பிறந்த ஆணும் பெண்ணும் மாத்திரமே. அவனை மணக்க அவள் மறுக்கிறாள். இரு மலைகளினின்றும் உருட்டிவிடப்பட்ட திரிகைக் கற்கள் அடிவாரத்தில் ஒன்றுசேர்ந்து கிடக்கக் கண்டு இணங்குகிறாள். பிறப்பதோ உறுப்புகளற்ற தசைப்பிண்டம். அது துண்டிக்கப்பட்டு வீசப்படவே, துண்டுகளிலிருந்து மொங் குலங்கள் தோன்றுகின்றன. நடைமுறையிலோ, இரத்த உறவு எத்துணைத் தொலைவானதாயினும், ஒரே குலத்தார் மணந்துகொள்ளல் அச்சமூகத்திற் கடுமையாக விலக்கப்பட்டதாகும். விலக்கைப் பேணும் குலங்களே விலக்கின் மீறலிற் பிறந்தவை என்கிறது கதை. இது வழக்கத்தின் பிரதிபலிப்பன்று. வழக்கத்தின் அடியிற் கிடக்கும் முரண்பாடு பற்றிய சிந்தனையாகும்.

இழந்த எழுத்துப் பற்றிய கதைகளும் இவ்வாறே நோக்கத்தக்கன. முன்னாளில் மொங் மக்களுக்கு நூல் இருந்ததென்றும், அதனைக் குதிரைகள் தின்றன என்றும், பெண்களின் பாவாடைப் பூவேலையில் அவ்வெழுத்து மறைந்துள்ளதென்றும் அவை கூறும். எழுத்தின்மையை இயல்பான குறையாகவன்றி வரலாற்று இழப்பாக இவை உணர்த்துகின்றன. 1959இல், எழுத்தறிவற்ற விவசாயியான சொங் லூ யாங் புதிய எழுத்துமுறையொன்றை வகுத்து, அது தெய்வத்தால் அருளப்பட்டதென அறிவித்தபோது, மக்கள் பலர் அவரைப் பின்பற்றினர். 1971இல் அவர் கொல்லப்பட்டார். இழந்தது மீளும் என்ற எதிர்பார்ப்பைக் கதைகள் ஏற்கெனவே வளர்த்திருந்தன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

1975இன் பின் லாவோஸிலிருந்து பெருந்தொகையான மொங் மக்கள் அகதிகளாயினர். அமெரிக்காவிற் குடியேறியோரின் கதைகளைத் திரட்டி, சார்ள்ஸ் ஜோன்சன் 1985இல் இருமொழித் தொகுப்பாக வெளியிட்டார். சிதறிய சமூகமொன்றின் நினைவைப் பேணிய வகையில் அது பெரும் பணியே. ஆயினும் அச்சேறிய கதை, சொல்வோன் குரலையும் கேட்போர் குறுக்கீட்டையும் இழக்கிறது. பல வடிவங்களுள் ஒன்று 'மூலம்' என்னும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. புலம்பெயர்ந்த மண்ணிற் பிறந்த தலைமுறை அவ்வொன்றையே தன் பண்பாடெனக் கொள்ளுமாயின், இழப்பு இரட்டிப்பாகும்.

ஆதலின் ஒரு கதை எதைக் காட்டுகிறது என வினவுவது மாத்திரம் போதாது. யார், யாருக்கு, எந்நிலையில், எதை எதிர்கொள்வதற்காகச் சொன்னார் என வினவும்போதே அது பண்பாட்டை அறியும் வழியாகிறது.