கருக்கலைப்பும் 21ஆம் பிரிவும்

கருக்கலைப்பு உரிமை என்றதும் நம்மவர்கள் அமெரிக்காவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 1973இல் ரோ வழக்கில் தந்த உரிமையை, 2022 ஜூனில் டாப்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் பறித்துக்கொண்டது. அரசியலமைப்பில் அப்படியொரு உரிமை எழுதப்படவில்லை, நாட்டு மரபிலும் அதற்கு வேர் இல்லை என்பது அது சொன்ன காரணம். எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் இந்த வாசிப்பை நாமும் பார்த்தவர்கள்தான். சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றது நம் உச்ச நீதிமன்றத்தின் 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்தக் கதவைத் திறந்தது. 14, 19, 21 ஆகிய பிரிவுகளைச் சேர்த்தே வாசிக்க வேண்டும், சட்டத்தின் வழிமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்றானது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை ஆக்கினார்கள்.

இந்த மரபில் நல்ல வாசிப்பை எப்படி அடையாளம் காண்பது? என் அளவுகோல் ஒன்றுதான்: கலைக்க விரும்பும் பெண்ணையும் பெற்றெடுக்க விரும்பும் பெண்ணையும் அது ஒன்றுபோலக் காக்கிறதா? 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் அரசுக் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய பெண் ஒருவரின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அவரோ குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது 21ஆம் பிரிவு தரும் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. 2022 செப்டம்பரில், 20 வாரம் கடந்த திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை வழிவிட்டபோது அந்தத் தீர்ப்பையே துணைக்கொண்டது. ஆனால் 2023 அக்டோபரில், 26 வாரக் கருவோடு வந்த இரண்டு குழந்தைகளின் தாய்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. 24 வாரத்துக்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்தோ சிசுவுக்குப் பெரும் குறைபாடோ இருக்க வேண்டும் என்ற சட்ட வரியிலேயே நீதிமன்றம் நின்றுவிட்டது. பழைய கோபாலன் பள்ளி இன்னும் மூடப்படவில்லை.

நீதிபதிகள் சட்டம் இயற்றலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. வாரக் கணக்கை நாடாளுமன்றம் வகுக்கட்டும். அந்தக் கணக்கு அடிப்படை உரிமையை மீறுகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இதைவிடக் கனமான ஆட்சேபம் இருக்கிறது: கருக்கலைப்பு உரிமை பெண் கருவை அழிக்க வழியாகிவிடாதா? பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன உசிலம்பட்டி நமக்கு வெகுதூரமில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை திண்டுக்கல் ஸ்கேன் சென்டர் ஒவ்வொன்றிலும் தொங்க வேண்டியிருப்பது சும்மா அல்ல. ஆனால் அந்தக் கொடுமைக்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. பாலினம் பார்த்துச் சொல்பவரையும் அதற்குக் கட்டாயப்படுத்தும் வீட்டாரையும் அது பிடிக்கிறது. பெண்பிள்ளை வேண்டாம் என்று மாமியார் வீடு நெருக்கும்போது மருமகளுக்குக் கைகொடுப்பதும் அவள் சம்மதமின்றி எதுவும் கூடாது என்ற இதே உரிமைதான்.

உண்மையான குறை 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. நாள் தள்ளிப்போன ஆறாவது வாரத்திலேயே வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவர் போய்க் கேட்டாலும், தக்க காரணம் இருப்பதாக மருத்துவர் கருதினால்தான் கலைக்க முடியும். 2021 திருத்தம் ‘கணவர்’ என்ற இடத்தில் ‘துணைவர்’ என்று போட்டது. முடிவை மருத்துவர் கையிலேயே விட்டுவிட்டது. முதல் 12 வாரங்களுக்காவது பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டம் மாற வேண்டும்.